செம்மறிக்கிடாவும் சில மேதைகளும்

எழுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதர். அவர் உடம்பு முழுக்க 4 கிரே (கதிர்வீச்சு டோஸை அளக்கும் அலகு) எக்ஸ்-ரே பாய்கிறது. வைத்தியம் எதுவும் செய்யாவிட்டால், இரண்டு மாதம் கழித்து அவர் இருப்பாரா மாட்டாரா என்பதைக் காசு சுண்டித்தான் சொல்ல வேண்டும். அடேயப்பா, எவ்வளவு பயங்கரமான சக்தி என்று அதை வெப்பமாக மாற்றிக் கணக்குப் போட்டால்... 280 ஜூல்! மூன்று மில்லி சூடான காபி கொடுக்கிற சூடு. உடம்பின் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறும். டிகிரி காபியில் இருப்பதைவிடக் குறைந்த டிகிரி!

மூன்று மில்லி காபி குடித்து இதுவரை யாரும் செத்ததாகத் தகவல் இல்லை. அப்புறம் எக்ஸ்-ரே மட்டும் எப்படிக் கொல்கிறது? 1920-களில் இயற்பியல்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இது. விடை தேடிக் கிளம்பியவர்கள் ஈ, எலி, ஆட்டுக்கிடா என்று கையில் கிடைத்ததை எல்லாம் எக்ஸ்-ரேக்குக் கீழே கிடத்திவிட்டுக் கணக்குப் போட்டார்கள். பல இடங்களில் தப்பாகத்தான் போட்டார்கள். கொடுமை என்னவென்றால், விடை மட்டும் அடிக்கடி சரியாக வந்து தொலைத்தது!

முதல் ஆள் ஃபிரெடரிக் டெஸ்ஸவர், ஜெர்மானியர். இயற்பியலாளர், எக்ஸ்-ரே கருவி தயாரிப்பாளர், கத்தோலிக்கக் கட்சியின் எம்.பி. என்று மூன்று விசிட்டிங் கார்டு தேவைப்பட்ட மனிதர். 1922-ல் அவர் சொன்னது இது: மொத்தச் சூட்டைப் பார்க்காதீர்கள். எக்ஸ்-ரே தன் சக்தியைச் சீராகப் பரப்புவதில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொட்டுகிறது. கொட்டின புள்ளியில் மட்டும் பொசுக்கென்று சூடேறி, அங்கிருக்கும் புரதம் வெந்துபோகிறது. இந்தத் தத்துவத்துக்கு ‘புள்ளிச் சூடு’ என்று பெயரும் வைத்தார். வெந்துபோகிறது என்பது சுத்தத் தப்பு. அங்கொன்றும் இங்கொன்றும் என்பது நூற்றுக்கு நூறு சரி!

இந்த ‘அங்கொன்றும் இங்கொன்றும்’ சமாசாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்தக் கணக்கும் இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கல்யாணப் பந்தியில் 100 பேர். பரிமாறுகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு 100 லட்டை வீசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஒன்று கிடைக்குமா? கிடைக்காது. 37 பேருக்கு ஒன்று. 26 பேருக்கு இரண்டு, மூன்று, அதற்கு மேலும். இன்னொரு 37 பேருக்கு வெறும் இலை. லட்டுக்குப் பதில் எக்ஸ்-ரே அடி, ஆளுக்குப் பதில் செல் என்று மாற்றிக்கொண்டால், வெறும் இலைக்காரர்கள்தான் உயிர் பிழைத்தவர்கள். பாரபட்சமே இல்லாத பரிமாறல் என்பது இதுதான், சாப்பிட்டவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்!

ஆகவே டோஸ் கூடக்கூட, உயிரோடு இருக்கும் செல்கள் ஒவ்வொரு படியிலும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். லாக் தாளில் வரைந்தால் அழகான நேர்கோடு. இதற்குப் பெயர் இலக்குக் கோட்பாடு. செல்லுக்குள் எங்கோ ஓர் இலக்கு, அதில் ஓர் அடி, ஆள் காலி. படிக்கும்போது நமக்கே விஞ்ஞானி ஆகிவிடலாம் என்று தோன்றுகிறது இல்லையா? அவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

கணக்குப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே டாக்டர்கள் களத்தில் இறங்கியிருந்தார்கள். அந்தக் கால பிரெஞ்சு டாக்டர்களுக்கு எதனாலோ ஓர் உறுப்பின் மேல் மட்டும் அலாதிப் பிரியம். 1906-ல் பெர்கோனியே, ட்ரிபோந்தோ என்ற இருவர் எலியின் விரைகளில் எக்ஸ்-ரே பாய்ச்சிப் பார்த்தார்கள். வேகமாகப் பெருகும் செல்கள் சீக்கிரம் சாகும், பெருகாமல் சும்மா இருக்கும் செல்கள் தாக்குப்பிடிக்கும் என்று கண்டார்கள். உடனே ‘விதி’ என்று அறிவித்துவிட்டார்கள். நியூட்டன் மூன்று விதிக்கு எவ்வளவு மெனக்கெட்டார், இவர்களுக்கு நாலு எலி போதுமானதாக இருந்திருக்கிறது!

அந்த விதியைத் துளியும் மதிக்காத செல் நம் ரத்தத்திலேயே ஓடுகிறது. லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு பெருகாமல் சிவனே என்றுதான் கிடக்கும். எக்ஸ்-ரே லேசாகப் பட்டாலும் பொட்டென்று போய்விடும். இருந்தாலும் பெர்கோனியே-ட்ரிபோந்தோ விதி இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் கம்பீரமாக இருக்கிறது. பாவம், பெர்கோனியேதான் இல்லாமல் போனார். எக்ஸ்-ரேயோடு வருடக்கணக்கில் பழகியதில் புற்று வந்து 1925-ல் இறந்தார்.

அடுத்து மேடைக்கு வருபவர் நம் கதாநாயகர், ஒரு செம்மறிக்கிடா.

1920-களில் ஐரோப்பா இரண்டாகப் பிரிந்து நின்றது. புற்றுக்கட்டியை ஒரே அடியில் பெரிய டோஸ் கொடுத்துத் தீர்த்துக்கட்டு என்றது ஜெர்மனியின் எர்லாங்கன் கோஷ்டி. இல்லை, சின்னச் சின்னதாகப் பிரித்துப் பல நாள் கொடு என்றது பாரிஸ் கோஷ்டி. பாரிஸின் தலைவர் க்ளாத் ரெகோ. மேரி க்யூரியின் ரேடியம் இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்துப் பிரிவின் தலைவர். அவர் கோஷ்டி கிடாவை வைத்துக் கண்டது இது: விரையில் ஒரே தடவையில் முழு டோஸையும் கொடுத்தால் மலடாவது இருக்கட்டும், விதைப்பைத் தோல் வெந்து புண்ணாகிவிடுகிறது. அதையே பிரித்துப் பல நாள் கொடுத்தால் தோல் தப்பிக்கிறது, கிடா மலடாகிறது. கிடாவின் அபிப்பிராயத்தை யாரும் பதிவு செய்யவில்லை.

ரெகோ கோஷ்டியின் வாதத்தைக் கேளுங்கள். விரையில் செல்கள் மளமளவென்று பெருகுகின்றன. புற்றுக்கட்டியிலும் மளமளவென்று பெருகுகின்றன. ஆகவே விரை என்பது கட்டி மாதிரி, தோல் என்பது... தோல் மாதிரியேதான். எனவே, மகாஜனங்களே, புற்றுக்கும் பிரித்துக் கொடுங்கள்! இந்தத் தர்க்கத்தைக் கல்லூரியில் எழுதினால் இப்போது பாஸ் மார்க் போட மாட்டார்கள். விரையின் செல்கள் ஒழுங்கான வரிசையில் முதிர்கிறவை, அவற்றுக்கும் கட்டிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ரெகோவோடு இருந்த கூட்டார் என்ற டாக்டர் இதே வழியில் பிரித்துக் கொடுத்துத் தொண்டைப் புற்று நோயாளிகளைப் பிழைக்க வைத்தார். உலகம் முழுக்க ரேடியேஷன் சிகிச்சை இன்றும் பெரும்பாலும் தவணை முறையில்தான் நடக்கிறது. எர்லாங்கன் தோற்றது, கிடா ஜெயித்தது.

இங்கே அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்வரலாம். டெக்ஸஸில் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களின் மேல் எக்ஸ்-ரே அடித்துக்கொண்டிருந்தார். மரபணு மாற்றங்கள் 150 மடங்கு எகிறின. வேறு யாராவது முந்திவிடுவார்களோ என்ற பதைப்பு ஆளைத் தூங்கவிடவில்லை. 1927 ஜூலையில் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் கட்டுரை வந்தது. சரித்திரத்தைப் புரட்டிய கட்டுரை, பின்னாளில் நோபல் பரிசுக்கு வழிகாட்டிய கட்டுரை. அதில் ஒன்று மட்டும் இல்லை. டேட்டா! எண், அட்டவணை எதுவும் கிடையாது, கண்டுபிடித்துவிட்டேன் என்ற அறிவிப்புதான். சினிமாவுக்கு ஃபர்ஸ்ட் லுக் விடுவதை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று இனிமேல் யாரும் பெருமையடிக்க வேண்டாம்! (அட்டவணைகளை அந்த வருடமே பெர்லின் மாநாட்டுக்கு எடுத்துப் போய் எல்லோரையும் வாயடைத்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நமக்கு எதற்கு வம்பு.)

பெர்லினில் அப்போது ஒரு ரஷ்யர் இருந்தார். பெயர் டிமோஃபேயெஃப்-ரெஸோவ்ஸ்கி. (ஒரு தடவை சொன்னால் போதும், இனி டிமோ.) மாஸ்கோ ஈ நிபுணர் பெர்லின் மூளை ஆராய்ச்சி நிலையத்துக்கு எப்படி வந்தார்? லெனினின் மூளையை ஆராய்வதற்காக மாஸ்கோவுக்குக் கூப்பிடப்பட்டார் ஓஸ்கர் ஃபோக்ட் என்ற ஜெர்மன் நிபுணர். போன இடத்தில் இந்த ஆளைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார். செத்த மூளையைப் பார்க்கப் போய் உயிருள்ள மூளையைத் தட்டிக்கொண்டு வருவதற்கும் சாமர்த்தியம் வேண்டும்.

டிமோவோடு கூட்டுச் சேர்ந்தார்கள் இரண்டு பேர். டோஸ் அளக்கும் ஸிம்மர், கணக்குப் போடும் மாக்ஸ் டெல்ப்ரூக். இந்த டெல்ப்ரூக் இயற்பியல் மேதை லீஸ மைட்னரின் உதவியாளர். நீல்ஸ் போரின் பேச்சைக் கேட்டுவிட்டு, உயிருக்குள்ளும் குவாண்டம் உலகம் மாதிரி ஏதோ மகத்தான முரண்பாடு ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பேன் என்று கிளம்பியவர். கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. தேடிப் போன வழியில் மூலக்கூறு உயிரியல் என்ற ஒரு துறையை உருவாக்கி நோபல் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்!

1935-ல் மூவரும் பச்சை அட்டை போட்ட ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓர் அடி பட்டால் ஒரு மரபணு மாறுகிறது. ஆகவே மரபணு என்பது ஒரு மூலக்கூறு. வந்தது கோட்டிங்கனில் யாரும் பிரித்துப் பார்க்காத ஒரு பத்திரிகையில். முதல் வகுப்பு மரியாதையோடு அடக்கம் செய்துவிட்டோம் என்று டெல்ப்ரூக்கே பிற்பாடு சிரித்தார். புதைத்ததைத் தோண்டி எடுத்தவர் எர்வின் ஷ்ரோடிங்கர், பூனைப் புகழ் ஷ்ரோடிங்கரேதான். 1943-ல் டப்ளினில் சொற்பொழிவு, மறுவருடம் ‘உயிர் என்பது என்ன?’ என்ற குட்டிப் புத்தகம். இலக்கின் அளவை வைத்துப் பார்த்தால் ஒரு மரபணுவில் சுமார் ஆயிரம் அணுக்கள் இருக்கும் என்று அதில் எழுதினார். ஆயிரமா? அது எந்த மூலைக்கு! நிஜத்தில் பல்லாயிரம், லட்சம் என்று போகும்.

அடி விழுந்தால் மரபணு மாறும் என்பதே பாதிக் கதைதான். அடி நேரே டிஎன்ஏ மேல் விழ வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் இருக்கும் தண்ணீரில் விழுந்து, அங்கே கிளம்பும் ஓ.எச். என்ற ரௌடி மூலக்கூறு வந்து டிஎன்ஏவைக் கடிக்கிறது. அந்தக் கட்டுரையின் கணக்கு இப்படிப் பல இடத்தில் ஓட்டை. ஆனால் ஷ்ரோடிங்கரின் புத்தகத்தைப் படித்து வெறிபிடித்துப் போய் உயிரியலுக்குள் குதித்தவர்களில் வாட்சன் என்று ஒருவர், கிரிக் என்று ஒருவர். மிச்சக் கதையைப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈ, எலி, ஆடு எல்லாம் சரி. மனிதச் செல்லை எண்ணிப் பார்த்தார்களா? 1950-கள் வரை முடியவில்லை. செல்லைத் தனியாகத் தட்டில் வைத்தால் முரண்டு பிடித்துச் செத்துவிடும். கூட்டமாகத்தான் வளரும். டென்வரில் தியடோர் பக் என்ற விஞ்ஞானியும் அவர் மாணவர் ஃபிலிப் மார்கஸும் இதில் மாட்டிக்கொண்டு முழித்தார்கள். யோசனை கொடுத்தவர் லியோ ஸிலார்ட். லண்டனில் சிக்னலுக்காக நின்றபோது அணு தொடர்வினையைக் கற்பனை செய்த அதே ஆசாமி. தான் தனியாக இருக்கிறோம் என்பது அந்தச் செல்லுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் யோசனையின் சாரம். அணுகுண்டுக்கு விதை போட்டவருக்கு ஒற்றைச் செல்லின் மனவேதனை புரிந்திருக்கிறது!

எப்படித் தெரியாமல் பார்த்துக்கொள்வது? நிறையச் செல்களுக்கு எக்ஸ்-ரே கொடுத்துத் தட்டின் அடியில் பரப்பினார்கள். அவை சாகவில்லை. தின்கின்றன, கசிகின்றன, ஊதி ராட்சசச் செல்லாகக்கூட ஆகின்றன. பெருக மட்டும் முடியாது. அவற்றின் மேல் ஒற்றைச் செல்லை விட்டால், அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று நம்பி அது ஜோராகப் பெருக ஆரம்பித்தது. இந்தச் செல்கள் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் புற்றிலிருந்து 1951-ல் அவரைக் கேட்காமலே எடுத்தவை. அவர் அதே வருடம் இறந்துவிட்டார். அவருடைய செல்கள் இறக்கவில்லை. இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை.

1956-ல் பக்கும் மார்கஸும் இந்தத் தட்டுகளில் எக்ஸ்-ரே அடித்து எண்ண ஆரம்பித்தார்கள். அதற்கு முன் சாவு என்று ஒன்றை அவர்கள் வரையறுக்க வேண்டியிருந்தது. செல் அசைகிறதா, மூச்சு விடுகிறதா என்பதெல்லாம் கணக்கே இல்லை. ஒரு செல் பெருகி, குறைந்தது 50 பேர் கொண்ட கூட்டமானால்தான் அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். 49 என்றால்? மன்னிக்கவும், காலமாகிவிட்டீர்கள். இந்தச் சட்டம் இன்றும் ஆய்வகங்களில் அமலில் இருக்கிறது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து 47, 48, 49 என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சி மாணவர்களின் மனநிலையை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

இதில் வந்த விடை எல்லோரையும் அதிரவைத்தது. மனிதச் செல்லைக் கொல்ல ஆயிரக்கணக்கில் ராண்ட்ஜன் (அந்தக் கால டோஸ் அலகு) வேண்டும் என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. செல் கண்ணெதிரே உடைந்து சிதறுவதைத்தான் சாவு என்று எண்ணியிருந்தார்கள் இல்லையா, அதனால்! பக் கணக்கில், கோடு நேராக இறங்கும் பகுதியில் 96 ராண்ட்ஜனே போதும், உயிரோடு இருக்கும் செல்கள் 37 சதவீதமாகக் குறைந்துவிடும்.

இங்கே ஒரு வில்லங்கம். கோடு ஆரம்பத்திலிருந்தே நேராக இல்லை. முதலில் தயங்கித் தோள் மாதிரி வளைந்து, பிறகுதான் நேராக இறங்கியது. கணிதக்காரர்கள் அசரவில்லை. ஓர் இலக்கு இல்லை, இரண்டு இலக்கு இருக்கிறது, இரண்டும் அடிபட்டால்தான் செல் சாகும் என்று சொல்லிச் சூத்திரத்தைத் திருத்தினார்கள். எத்தனை இலக்கு என்று கோட்டை நீட்டிப் படித்தால் பக்கின் செல்லுக்கு 2 வந்தது. அருமை! மற்றவர்கள் வேறு செல்களில் படித்தார்கள். ஐந்து வந்தது, பத்து வந்தது, சில இடத்தில் இரண்டரையும் வந்தது. இரண்டு இலக்கு புரிகிறது, அந்த அரை இலக்கு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

கேட்டார் டிக்வா அல்பர். தென்னாப்பிரிக்காவிலிருந்து லண்டன் வந்த இயற்பியல்காரர். (டெல்ப்ரூக் உதவியாளராக இருந்த அதே லீஸ மைட்னரிடம் பெர்லினில் படித்தவர்.) 1960-ல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து, தயவு செய்து அந்த எண்ணை ‘இலக்கு எண்ணிக்கை’ என்று சொல்லாதீர்கள், கோட்டை நீட்டினால் அச்சை எங்கே வெட்டுகிறதோ அந்த எண், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று எழுதினார். கோடு போட்டவர்களை இதைவிட நாகரிகமாக யாரும் உட்கார வைத்ததில்லை.

வேடிக்கை இதற்கு அப்புறம்தான். ஸ்க்ரேப்பி என்று ஆடுகளுக்கு ஒரு நோய். (மறுபடியும் செம்மறியாடு! இந்தத் துறையின் ராசி அப்படி.) ஆடு கம்பத்தில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்தே சாகும். அந்தக் கிருமி எவ்வளவு பெரியது என்று பார்க்க அல்பர் அதே பழைய இலக்குக் கணக்கைக் கையில் எடுத்தார். கதிர்வீச்சு கொடுத்தார், சாகவில்லை. இன்னும் கொடுத்தார், சாகவில்லை. இலக்கு அவ்வளவு சின்னது! டிஎன்ஏவைக் குறிவைத்துத் தாக்கும் புற ஊதாக் கதிரையும் கொடுத்தார், அதற்கும் சட்டை செய்யவில்லை. 1967-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் அவர் குழு கேட்டது: இந்தக் கிருமிக்கு டிஎன்ஏ, ஆர்என்ஏ எதுவுமே கிடையாதோ?

மரபுப் பொருள் இல்லாமல் ஒரு கிருமி பெருகுமா? அம்மணி கணக்கில் கோட்டை விட்டுவிட்டார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1982-ல் ஸ்டான்லி ப்ரூஸினர் அதற்குப் ப்ரையான் என்று பெயர் வைத்தார், வெறும் புரதம்! 1997-ல் நோபலும் வாங்கினார். அல்பர் இறந்தது 1995-ல். தப்பான கணக்குகளெல்லாம் கொண்டாடப்பட்ட துறையில், சரியான கணக்குப் போட்டவருக்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

சரி, அந்தத் தோள் வளைவு? மோர்டிமர் எல்கைண்ட் என்ற அமெரிக்கர், ஹாரியட் சட்டன் என்ற சகாவோடு, 1959-ல் ஒரு டோஸை இரண்டாக உடைத்து நடுவில் சில மணி நேரம் இடைவெளி விட்டுப் பார்த்தார். இரண்டாவது தவணை ஆரம்பிக்கும்போது அந்தத் தோள் அப்படியே திரும்பி வந்துவிட்டது! பழைய பாக்கி எதுவும் இல்லாதது போலச் செல் புதுக் கணக்கு தொடங்கியிருந்தது. அதாவது, நாம் உடைத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அது உள்ளே உட்கார்ந்து டிஎன்ஏவை ஒட்டவைத்துக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை அடி, எத்தனை இலக்கு என்று இத்தனை வருடம் எண்ணியவர்களில் பலருக்கு, அடி வாங்கினவன் சும்மா இருப்பானா என்று மட்டும் தோன்றவில்லை. டிஎன்ஏ ரிப்பேர் வேலையை விளக்கியவர்களுக்கு 2015-ல் வேதியியல் நோபல் போனது.

ஆஸ்பத்திரிகளில் இதற்கிடையே தனிக் கூத்து. பிரித்துக் கொடு என்று கிடா சொல்லிவிட்டது, எத்தனையாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 1969-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஃபிராங்க் எல்லிஸ் சூத்திரம் தந்தார். தவணை எண்ணிக்கைக்கு 0.24 அடுக்கு, நாள் எண்ணிக்கைக்கு 0.11 அடுக்கு. இரண்டு தசமம் இருந்தால் டாக்டர்களுக்குத் தனி பக்தி வந்துவிடும் போலிருக்கிறது, உலகமே எல்லிஸ் அட்டவணையைச் சுவரில் ஒட்டிக்கொண்டது. தோலைப் பார்த்துப் போட்ட கணக்கு அது. தவணையைக் குறைத்துப் பெரிய பெரிய டோஸாகக் கொடுத்தபோது தோல் நன்றாகத்தான் இருந்தது. சில வருடம் கழித்து உள்ளே நரம்பும் திசுவும் இறுகிப் போனவர்கள்தான் வந்து நின்றார்கள். நல்ல மனுஷர் எல்லிஸ், 100 வயது வாழ்ந்தார். சூத்திரம் அவ்வளவு நாள் வாழவில்லை.

அதன் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததுதான் இன்று எல்லா ரேடியேஷன் பிரிவிலும் அரசாளும் ஆல்ஃபா-பீட்டா சூத்திரம். டோஸோடு நேராக ஏறும் சேதம் ஆல்ஃபா, டோஸின் வர்க்கத்தோடு ஏறும் சேதம் பீட்டா. இதன் வேர் 1942-ல் கேம்பிரிட்ஜின் டக்ளஸ் லீயும் கேட்ச்சைடும் ஓர் அழகுச் செடியின் குரோமோசோம்களை உடைத்து எண்ணியதில் இருக்கிறது. ஒரே கதிர் இரண்டு இடத்தில் உடைத்தால் ஆல்ஃபா, வெவ்வேறு கதிர் வந்து உடைத்தால் பீட்டா.

பிள்ளை நன்றாகச் சம்பாதிக்க ஆரம்பித்ததும் தகப்பன்மார் வரிசையாக வந்தார்கள். 1972-ல் கெல்லரரும் ராஸியும், இது சக்தி சேரும் விதத்தால் வருகிறது என்றார்கள். 1973-ல் சாட்விக்கும் லீன்ஹவுட்ஸும், டிஎன்ஏவின் இரண்டு இழையும் அறுவதால் வருகிறது என்றார்கள். அப்புறம் ஒரு கோஷ்டி, உடைவதெல்லாம் இல்லை, ரிப்பேர் ஆபீஸில் வேலை குவிந்து திணறுவதால் வருகிறது என்றது. மூன்று கட்சியும் அடித்துக்கொண்டு தனித்தனியாக நடந்து, வந்து சேர்ந்த இடம் கிட்டத்தட்ட ஒரே சூத்திரம்!

நடைமுறையில் யாரும் அவ்வளவு யோசிப்பதில்லை. ஆல்ஃபாவை பீட்டாவால் வகுத்தால் கட்டிக்கு 10, மெதுவாகப் பழுதாகும் திசுவுக்கு 3. இந்த 10-ஐயும் 3-ஐயும் பஞ்சாங்கம் மாதிரி பல வருடம் ஓட்டினார்கள். பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பெண்களிடம் நடந்த சோதனைகளில்தான் மார்பகப் புற்றுக்கு அது 10 இல்லை, 4 வாக்கில் இருக்கிறது என்று தெரிந்தது. அப்படியென்றால் குறைந்த தவணையில் பெரிய டோஸ் கொடுப்பதில் நஷ்டமில்லை. 2020-ல் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் சோதனை முடிவு வந்தது. 15 தவணையில் 40 கிரே கொடுத்ததற்கு, ஒரே வாரத்தில் 5 தவணையில் 26 கிரே சளைத்ததாக இல்லை.

அந்த ஆல்ஃபா உண்மையில் எதைக் குறிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மூன்று பதில் கிடைக்கும். கேட்பவர் நோயாளியாக இருந்தால் நாலாவதும் உண்டு: “திங்கக்கிழமை காலைல ஒம்போது மணிக்கு வந்துடுங்கம்மா, ஃபைலை மறக்காம எடுத்துட்டு வாங்க.”